நின்ற வண்டியில் நிற்காத மின்சாரம்

பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"ராத்திரி நல்லாத்தானே வந்தது! விடியறதுக்குள்ளே என்ன ஆச்சு இதுக்கு?"

ஒன்றும் ஆகவில்லை. இரவு வண்டியை நிறுத்தியவர் சாவியைத் திருப்பி மூடவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் அதன் பலன் சிறியதல்ல. ஒரே இரவில் பாட்டரி காலியாகிவிடும். காயில் சூடேறிக் கெட்டுப்போகும். பொல்லாத வேளையானால் பெட்ரோல் வழிந்து வண்டியே தீப்பிடிக்கவும் கூடும். தாத்தா காலத்திலிருந்து கண்ணைப்போல் காத்து வந்த வண்டி, கால் அங்குலம் திருப்பாத சாவியால் பாழாகலாம்.

இது நடந்ததும் வீட்டில் முதலில் தேடுவது, யாரைத் திட்டலாம் என்பதைத்தான். டிரைவர் இருந்தால் டிரைவர். டிரைவர் இல்லாவிட்டால் பையன். பையனும் இல்லாவிட்டால், "நீ பேச்சுக் கொடுத்ததால்தான் மறந்தேன்" என்று மனைவி! காரணம் மட்டும் கடைசிவரை யாருக்கும் விளங்குவதில்லை. எனவே அடுத்த மாதம் அதே தவறு மறுபடியும் நடக்கிறது.

சத்தம் நின்றால் வேலை நின்றதா?

வீட்டில் மின்விசிறி சுற்றுவது நின்றால், சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாவு மில்லில் சத்தம் அடங்கினால், மோட்டாரை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தப் பழக்கம்தான் பழைய காரில் ஆளை ஏமாற்றுகிறது.

காரின் என்ஜின் இரண்டு விதமாக நிற்கும். சாவியை மூடினால் நிற்கும். சாவி திறந்திருக்கும்போதே, பெட்ரோல் தீர்ந்தாலோ, கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டாலோ தானாகவும் நிற்கும். இரண்டிலும் வருவது ஒரே நிசப்தம்தான். வெளியே நிற்பவர்க்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்க்கும் பல வேளைகளில் தெரியாது.

கல்யாண ஊர்வலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கென்று மேல்மூடி இல்லாத பழைய காரை அமர்த்துகிறார்கள். பூச்சரம் சுற்றி, ஏழெட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, கோவிலிலிருந்து மண்டபத்துக்கு நத்தை வேகத்தில் நகர்கிறது வண்டி. நாதஸ்வரக்காரர் சந்தியில் நின்று ஒரு கீர்த்தனத்தை விஸ்தாரமாக எடுக்கிறார். வண்டியும் நிற்கிறது. என்ஜின் இரண்டு முறை இருமி அடங்கிவிடுகிறது. டிரைவர் இறங்கிப் பந்தல் பக்கம் போய் ஒரு காப்பி வாங்கிக் குடிக்கிறார். சாவி திறந்தபடியே இருக்கிறது. கீர்த்தனம் முடிகிறது, தனி ஆவர்த்தனமும் முடிகிறது. "கிளப்பப்பா!" என்கிறார்கள். செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பிறகென்ன, மைத்துனர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வேண்டியதுதான்!

அந்த அரைமணி நேரத்தில் பானட்டுக்குள் நடந்தது என்ன?

பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் கார் ஓடுவது தீப்பொறியால். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும்போது, பிளக்கின் முனையில் ஒரு பொறி விழ வேண்டும். அந்தப் பொறியைத் தாண்டவைக்க ஏறத்தாழ 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் வேண்டும். காரில் இருப்பதோ 12 வோல்ட் பாட்டரி. இன்னும் பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட்தான்.

12 வோல்ட்டை 20 ஆயிரம் ஆக்கும் மந்திரவாதிதான் காயில். கைக்கு அடக்கமான ஒரு தகர டப்பா அது. அதற்குள் இரும்புத் தகடுகளின் மேல் இரண்டு கம்பிகளைச் சுற்றியிருப்பார்கள். ஒன்று பருமனான கம்பி, சில நூறு சுற்று. மற்றது தலைமுடி போன்ற கம்பி, பல ஆயிரம் சுற்று. சூட்டைத் தணிக்க டப்பாவை எண்ணெயால் நிரப்பி மூடியிருப்பார்கள்.

பருமனான கம்பியில் பாட்டரி மின்சாரம் பாயும்போது இரும்பு காந்தமாகிறது. அந்த மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் காந்தம் சட்டென்று மறைகிறது. அந்த நொடியில் மெல்லிய கம்பியில் பெரிய வோல்ட் பாய்ந்து பொறியாக விழுகிறது. ஆகவே பொறி பிறப்பது மின்சாரத்தைக் கொடுக்கும்போது அல்ல, வெட்டும்போது!

வெட்டுகிற வேலையைச் செய்பவை 'பாயிண்ட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரண்டு சிறிய உலோக முனைகள். அவை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கின்றன. நடுவில் சுழலும் தண்டின் முடுக்குகள் தட்டத் தட்ட, அவை நகத்தின் கனம் அளவு விலகி மறுபடி சேரும். நாலு சிலிண்டர் கார் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, பாயிண்ட் நிமிஷத்துக்கு 6,000 தடவை திறந்து மூடுகிறது. நொடிக்கு 100 தடவை! மின்சாரம் விட்டு விட்டுத்தான் பாய்கிறது. காயிலுக்கு மூச்சு விட இடைவெளி கிடைக்கிறது.

இந்த முறையை மோட்டார் காருக்கு ஏற்றபடி வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். கடைகளில் காசு வாங்கிப்போடும் கல்லா இயந்திரத்துக்கு மின்சார மோட்டார் வைத்துப் பெயர் வாங்கியவர். அவருடைய பொறி முறை 1910-ம் வருஷத்துக் காடிலாக் கார்களில் வந்தது. 1912-ல் அதே காரில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் கஷ்டம் அன்றிலிருந்து குறையத் தொடங்கியது. அதற்குப் பின் அறுபது வருஷத்துக்கும் மேலாக உலகத்துப் பெட்ரோல் கார்களில் மிகப் பெரும்பாலானவை கெட்டரிங்கின் வழியிலேயே ஓடின. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய அம்பாஸிடரும், ஃபியட்டும், சென்னையில் 1961-ல் செய்யத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதே வம்சம்தான்.

சாவி திறந்து, என்ஜின் நின்றால்?

இப்போது சங்கதி எளிதாக விளங்கும். என்ஜின் நின்றுவிட்டால் பாயிண்டும் அசையாமல் நின்றுவிடும். திறந்த நிலையில் நின்றால் தப்பித்தோம். காயிலுக்குள் மின்சாரம் போகாது. சிவப்பு விளக்கும் பெட்ரோல் முள்ளும் தின்னும் கொஞ்சத்தோடு போயிற்று.

மூடிய நிலையில் நின்றால்தான் ஆபத்து. நாலு சிலிண்டர் வண்டியில் பாயிண்ட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் மூடித்தான் இருக்கும். ஆகவே மூன்று தடவை மறந்தால் இரண்டு தடவை அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். "போன மாசம் ராத்திரி முழுக்கச் சாவி திறந்திருந்தது, ஒண்ணும் ஆகலையே!" என்று ஜம்பம் பேசுபவர்கள் உண்டு. அது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் அல்ல. பாயிண்ட் நின்ற இடம்!

கணக்கைப் பாருங்கள். பழைய 12 வோல்ட் காயிலின் தடை சுமார் 3 ஓம். அதில் 4 ஆம்பியர் மின்சாரம் விடாமல் பாயும். அது 48 வாட். பழைய 40 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது விரலை வைத்தவர்களுக்கு அந்தச் சூடு எப்படி என்று தெரியும். அதைவிடக் கொஞ்சம் அதிகமான சூடு, காற்றோட்டம் இல்லாத டப்பாவுக்குள், எண்ணெய்க்கு நடுவே, நிமிஷத்துக்கு நிமிஷம் சேர்ந்துகொண்டே போகிறது.

எண்ணெய் விரிகிறது. கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்திருக்கும் காகிதமும் பூச்சும் கருகுகின்றன. சில காயில்கள் தலைப் பக்கம் எண்ணெய் கசியும். சில உப்பி வெடித்தும் போகும். வெடிக்காமல் கெட்டது இன்னும் பொல்லாதது. காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். பத்து மைல் போய்ச் சூடேறியதும் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு மறந்த சாவிதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்?

பாட்டரிக் கணக்கு இன்னும் சுலபம். இந்த மாதிரிக் கார்களில் 40, 50 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கும். 4 ஆம்பியர் வீதம் குடித்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பானை காலி. ராத்திரி எட்டு மணிக்கு மறந்தால் விடிவதற்குள் கதை முடிந்தது. முழுக்க இறங்கிய பாட்டரியை அப்படியே நாலு நாள் போட்டுவைத்தால் அதன் ஈயத் தகடுகளில் உப்புப் பூத்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

தீ எங்கிருந்து வருகிறது?

பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல; இதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

மோரிஸ் மைனர் போன்ற சில பழைய ஆங்கிலேயக் கார்களில் பெட்ரோலை இழுப்பது மின்சாரப் பம்பு. சாவியைத் திறந்தால் பம்பு 'டிக், டிக்' என்று அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் தானாக நின்றுவிடும். கிண்ணத்தை மூடும் ஊசியில் ஒரு துரும்பு சிக்கினால் மூடாது. பம்பு அடித்துக்கொண்டே இருக்கும். என்ஜின் நின்றிருக்கும்; பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே சூடான புகைக்குழாய்!

இத்துடன் இன்னொன்று. பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் பாதையில் ஃப்யூஸ் கிடையாது. துணி சுற்றிய பழைய ஒயர் எங்காவது உரசித் தேய்ந்திருந்தால், தடுத்து நிறுத்த நடுவில் ஆளே இல்லை. கூடத்தை ஒட்டிய கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூடத்தில்தான் குழந்தைகள் தூங்குகின்றன.

குழந்தைகள் என்றதும் ஒன்று ஞாபகம் வைக்க வேண்டும். பழைய கார் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி, வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள். சாவிதான் பையில் இருக்கிறதே என்று பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். 1950-களின் சில அமெரிக்கக் கார்களில் அந்த நிம்மதி செல்லாது! உதாரணமாக, அக்காலத்து ஷெவர்லே காரில் சுவிட்சைப் பூட்டாமல் வெறுமே அணைத்துவிட்டுச் சாவியை உருவலாம். பிறகு சாவி இல்லாமலே விரலால் திருப்பி வண்டியைக் கிளப்பவும் முடியும். அவசரக்காரர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது, திருடர்களுக்கும் அப்படியே.

அந்தத் திருடர்களால் ஒரு நன்மை விளைந்தது. சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் விதி செய்தது. 1970 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. காரைக் காப்பாற்ற வந்த மணி, காயிலையும் பாட்டரியையும் சேர்த்தே காப்பாற்றியது. இன்றைய கார்களில் என்ஜின் சுழலவில்லை என்றால் காயிலுக்கும் பெட்ரோல் பம்புக்கும் போகும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டரே நிறுத்திவிடுகிறது. புதுக் காரில் பழகியவர் பழைய காரை எடுக்கும்போது இதனால்தான் அதிகம் ஏமாறுகிறார். அவருக்காக நினைவு வைத்துக்கொள்ளும் ஆள் அதில் இல்லை.

ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்ற 'டி' மாடல் கார் மட்டும் ஒரு விதத்தில் நல்ல பிள்ளை. அதன் காயில்கள் துடிக்கும் வகை. சுவிட்சைப் பாட்டரிப் பக்கம் வைத்துவிட்டு மறந்தால், பெரும்பாலும் பெட்டிக்குள் வண்டு மாதிரி ரீங்காரம் கேட்கும். பின்னால் வந்த கார்கள் நாகரிகமடைந்து வாயை மூடிக்கொண்டன!

அவற்றில் மிஞ்சிய எச்சரிக்கை, முகப்புப் பலகையில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றுதான். டைனமோ சார்ஜ் செய்யாதபோது அது எரியும். சாவி திறந்து என்ஜின் நின்றிருந்தாலும் எரியும். உச்சி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. பல்பு போய்விட்டிருந்தால் ராத்திரியிலும் தெரியாது. அந்தப் பல்பு எரிகிறதா என்று பார்க்காமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பழி யார் மேல்?

மறதி மனித சுபாவம். திட்டினால் மறதி போகாது. மாலையில் ஆறு மணி நேரம் ஊர்வலத்தில் நின்று, நடுநிசியில் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் டிரைவரிடம் எருமையின் பொறுமையையும் யானையின் ஞாபகத்தையும் எதிர்பார்ப்பது நியாயமா? காயில் விலையை அவர் கூலியில் பிடிப்பது அதைவிட நியாயமா? அவருக்குக் கூலி கொடுத்த முதலாளி ஒரு சுவிட்ச் வாங்கிக் கொடுத்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆம், சுவிட்ச்தான்! பாட்டரியின் முனையிலேயே மாட்டும் வெட்டுச் சுவிட்ச் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டியை நிறுத்தியதும் அதைத் திருகிவிட்டால், சாவி திறந்திருந்தாலும், ஒயர் தேய்ந்திருந்தாலும், குழந்தை எதைத் திருப்பினாலும் ஒன்றும் ஓடாது. பானட்டைத் திறந்து மூடும் சிரமம் ஒன்றுதான். பம்புள்ள வண்டிக்கும், கொட்டகை வீட்டோடு ஒட்டியிருக்கும் வண்டிக்கும் இது ஆசைப்பட்டால் வாங்கும் பொருள் அல்ல, கட்டாயம் வேண்டியது. காயில் பாதையில் தகுந்த ஃப்யூஸ் ஒன்றை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டுவிடுவதும் அன்றே முடியும் வேலை.

இதற்குச் சில சொந்தக்காரர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். "அசல் வண்டியில் கைவைக்கக் கூடாதே!" என்பார்கள். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதிகள் வகுத்தது. அவற்றின்படி நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இடம்பெறும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யக் கூடாது என்பதுதான் அந்த விதி. (அப்படிப் பதிவான வண்டி கூலிக்கு ஓடவும் கூடாது, கல்யாண வாடகைக்காரர்கள் கவனிக்க.) பாட்டரி முனையில் கழற்றி மாட்டும் ஒரு திருகு சுவிட்ச், சேசிஸும் அல்ல, பாடியும் அல்ல, என்ஜினும் அல்ல. கண்காட்சி நாளில் இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிடலாம். அசல் அழகு கெடும் என்று அஞ்சுகிறவர்கள், தீப்பிடித்த வண்டியின் அழகை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

மறந்துவிட்டால்?

மறந்தது தெரிந்ததும் முதலில் சாவியை மூட வேண்டும். "இப்போது கிளம்புகிறதா பார்க்கலாம்" என்று செல்ஃப் போடக் கூடாது. பானட்டைத் திறந்து மூக்கால் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் பீடி, சிகரெட், பெட்ரோமாக்ஸ் எல்லாம் தள்ளிப் போகட்டும். வண்டியைக் கையால் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, வாடை போகும்வரை விட்டுவைக்க வேண்டும்.

காயிலைத் தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் போதும். ஆறிய பிறகு எண்ணெய் கசிந்திருக்கிறதா, டப்பா உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேறு காயில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டையும் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்து கருகியிருந்தால் அதையும் மாற்றிவிடுவதே மேல். தேய்த்துத் தேய்த்து ஓட்டுவது பொய்ச் சிக்கனம்.

பாட்டரி இறங்கியிருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது வழக்கம். பாதி இறங்கிய பாட்டரியானால் அது பலிக்கும். முழுக்கக் காலியான பாட்டரியானால் தெருக்கோடிவரை தள்ளினாலும் பயன் இல்லை. காயிலுக்குப் பொறி உண்டாக்கக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். காந்தத்தாலேயே பொறி தரும் 'மேக்னெட்டோ' வைத்த மிகப் பழைய கார்கள்தான் பாட்டரி இல்லாமல் கிளம்பும். அம்பாஸிடரைத் தள்ளி மூச்சு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் முதுகாவது மிஞ்சும்.

பாட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றும் கடைக்காரரிடம் கொடுத்து, "அவசரமில்லை, மெதுவாக ஏற்றுங்கள்" என்று சொல்ல வேண்டும். அன்றே கொடுப்பது முக்கியம். திரும்ப வந்ததும், செல்ஃப் போடுவதற்கு முன்னால் சாவியை மட்டும் திறந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். எரியவில்லை என்றால் அந்தச் சின்ன பல்பையும் அப்போதே மாற்றிவிடலாம்.